விமானம் தள்ளித் தள்ளிப் போகும்போது சாங்கியில் என்ன செய்வது?

கேள்வி இது: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு மாலையில் கிளம்பவேண்டிய விமானம். முதலில் 50 நிமிடம் தாமதம் என்றார்கள். பிறகு இன்னும் ஒன்றரை மணி நேரம். இப்போது மூன்றாவது தடவையாக நேரம் மாறியிருக்கிறது. கூடவே சக்கர நாற்காலியில் சர்க்கரை நோய் உள்ள அம்மா. காத்திருப்பதா, டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு வேறு வழி பார்ப்பதா, விமான நிறுவனத்திடம் எதைக் கேட்டு வாங்கலாம்?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபத்தில் நீங்களாக டிக்கெட்டை ரத்துசெய்யாதீர்கள். நீங்கள் ரத்துசெய்தால், பயணி தானாக விலகிக்கொண்டார் என்று கணக்காகிவிடும். மலிவுக் கட்டண டிக்கெட்டில் விமான நிலைய வரி தவிரப் பெரிதாக எதுவும் திரும்பாது. அவர்களே ரத்துசெய்தாலோ, மாற்று விமானமோ பணமோ தருகிறோம் என்று எழுத்தில் சொன்னாலோ நிலைமை வேறு. பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போவது இதைவிட மோசம்: போகும் பயணத்தில் நீங்கள் ஏறவில்லை என்று பதிவானால், ஒரே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும்.

இனி, எத்தனை மணிக்குத்தான் கிளம்பும்? பலகையில் ஓடும் நேரத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. விமான நிறுவனம் தவணை முறையில் நேரத்தைத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. பழுது ஒரு மணி நேரத்தில் சரியாகலாம் என்று பொறியாளர் சொன்னால், அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அறிவிக்க முடியும். ஐந்து மணி நேரம் என்று அறிவித்துப் பயணிகள் கலைந்துபோய், விமானம் இரண்டே மணி நேரத்தில் தயாராகிவிட்டால், 180 பேரைத் திரும்பப் பிடித்துக் கொண்டுவருவது யார்? அதனால் எப்போதும் இருப்பதிலேயே நல்ல கணிப்பைத்தான் பலகையில் போடுவார்கள். நமக்கு வேண்டியது நடக்கக்கூடிய கணிப்பு. அதை நீங்களே போட்டுக்கொள்ளலாம்; கைத்தொலைபேசி ஒன்று போதும்.

உங்களை ஏற்றிப்போகும் விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இந்திய நிறுவன விமானமாக இருந்தால், அநேகமாக அதே விமானம்தான் திருச்சியிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து, இங்கே இறக்கிவிட்டு, உங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். உங்கள் விமான எண்ணுக்கு ஒன்று முன்னாலோ பின்னாலோ இருக்கும் எண்தான் வழக்கமாக அந்த வருகை விமானம். சாங்கியின் வருகைப் பட்டியலில் அதைத் தேடுங்கள். ஃப்ளைட்ரேடார்24 செயலியில் விமான எண்ணைத் தட்டினால் அதன் பதிவெண் வரும்: இந்திய விமானம் என்றால் விடி என்றும், சிங்கப்பூர் விமானம் என்றால் 9வி என்றும் தொடங்கும். அந்தப் பதிவெண்ணைத் தட்டினால் காலையிலிருந்து அது எங்கெங்கே போய்வந்தது, எந்த ஊரில் தாமதம் தொடங்கியது என்பது வரிசையாகத் தெரியும்.

கணக்கு இப்படி. திருச்சி–சிங்கப்பூர் பறக்கும் நேரம் ஏறத்தாழ நாலேகால் மணி. இறங்கியபின் ஆட்களை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, பெட்டிகளை ஏற்றி, திரும்ப ஆட்களை ஏற்ற ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் திருச்சியை விட்டுக் கிளம்பியது மதியம் 2 மணி என்று செயலி காட்டுகிறது. அது இந்திய நேரம். இங்கே மாலை 4.30. இந்த இரண்டரை மணி நேர வித்தியாசத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். 4.30-உடன் நாலேகாலைக் கூட்டினால் இரவு 8.45, அதோடு ஒரு மணி நேரம் சேர்த்தால் 9.45. பலகையில் 8.30 என்று இருந்தால் அது நடக்காது. அம்மாவை நிம்மதியாகச் சாப்பிடவைக்கலாம். விமானம் இன்னும் திருச்சியிலிருந்தே கிளம்பவில்லை என்றால், இப்போதிருந்து ஐந்தேகால் மணி நேரத்துக்குக் குறைந்து நீங்கள் புறப்பட வழியே இல்லை.

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட நிறுவனம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். உங்கள் விமானம் பினாங்கிலிருந்தோ பேங்காக்கிலிருந்தோ வரலாம். இங்கேயே வேறு விமானங்கள் நிற்பதால் ஒன்றை மாற்றிக் கொடுக்கவும் வாய்ப்புண்டு. செயலியில் பதிவெண் திடீரென்று மாறினால் அது நல்ல சகுனம். தளம் இந்தியாவில் உள்ள நிறுவனத்துக்கு இங்கே மாற்று விமானமும் இருக்காது, உதிரிபாகக் கிடங்கும் இருக்காது. ஒரு பாகம் சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ அடுத்த விமானத்தில் வரவேண்டும். 'ஏஓஜி' என்ற எழுத்துகள் ஊழியர் பேச்சில் காதில் விழுந்தால், பழுதுபார்க்கும்வரை விமானம் பறக்கக்கூடாது என்று பொருள். அன்று இரவு படுக்க இடம் தேடத் தொடங்கலாம்.

விமானம் வந்துவிட்டது, பழுதும் இல்லை, ஆனாலும் கிளம்பவில்லையா? விமானிகளின் வேலை நேரத்தைக் கணக்குப் பாருங்கள். பயணிகள் அதிகம் யோசிக்காத இடம் இது. திருச்சியில் பணிக்கு வந்த குழு, வந்து கையெழுத்திட்ட நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கிளம்புமுன் ஒரு மணி நேரம், இங்கே வர நாலேகால், இங்கே ஒன்று, திரும்ப நாலேகால்: பத்தரை மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு விமானிகள் ஓட்டும் இத்தகைய பயணத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம், பணி தொடங்கிய நேரத்தைப் பொறுத்து, பொதுவாகப் பன்னிரண்டு, பதின்மூன்றை ஒட்டி இருக்கும். நள்ளிரவையும் விடியலையும் தொடும் பணிக்கு இன்னும் குறைவு. ஆக, கையிருப்பு இரண்டு மணி நேரம் போல. குழு வீட்டிலிருந்து கிளம்புமுன்பே தாமதம் தெரிந்திருந்தால் அவர்களின் கடிகாரமும் தாமதமாகவே தொடங்கும், சேதமில்லை. அவர்கள் விமானத்தில் ஏறி உட்கார்ந்தபின் வந்த தாமதம்தான் ஆபத்து. இரண்டு மணி நேரத் தாமதம் ஒரேயடியாக மறுநாள் காலைக்குத் தாவுவது பெரும்பாலும் இதனால்தான். ஊழியரிடம், "இந்தக் குழுவுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று கேளுங்கள். பொத்தாம்பொதுவாக "எப்ப கிளம்பும்?" என்று கேட்பவருக்குக் கிடைக்காத பதில் அப்போது கிடைக்கும். இந்த விதிகளை யாரும் தளர்த்திக் கேட்கக்கூடாது. களைத்த விமானி ஓட்டும் விமானத்தில் நாம்தானே உட்காருகிறோம். இந்தியாவில் விமானிகளின் ஓய்வு விதி கடுமையாக்கப்பட்டபோது, அதற்கேற்ற ஆட்கள் இல்லாமல் 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துசெய்ய நேர்ந்தது.

வானிலைத் தாமதத்துக்கு வேறு தாளம். சாங்கியில் மின்னல் அபாய எச்சரிக்கை வந்தால் தரைப் பணியாளர்கள் வெட்டவெளியில் நிற்கக்கூடாது. பெட்டி ஏற்றுவது, எரிபொருள் நிரப்புவது எல்லாம் நின்றுவிடும். நாற்பது நிமிட இடிமழை என்றால், மழை விட்டபின் எல்லா விமானமும் ஒரே நேரத்தில் ஆள் கேட்பதால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இழுக்கும். ஆனால் அது இழுத்துவிட்டுச் சரியாகிவிடும். ஊர்ப்பக்கம் புயல் என்றால் அப்படி இல்லை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையத்தையே மூடிவைத்தார்கள். அத்தகைய நாளில் கேட் அருகே தவம் கிடப்பதில் பயனில்லை, தேதியை மாற்றிக்கொள்வதே புத்தி. நிறுவனங்களும் அப்போது கட்டணம் இல்லாமல் மாற்றித்தருவது வழக்கம். இன்னொன்று: போகிப் பண்டிகை விடியலில் சென்னையில் இறங்கும்படி டிக்கெட் போடாதீர்கள். பழைய பாயும் டயரும் எரிந்த புகை பனியோடு கலந்து, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் விமானங்கள் திருப்பிவிடப்பட்டதெல்லாம் நடந்திருக்கிறது.

இப்போது அம்மாவின் விஷயம். சாங்கியின் முனையம் 1, 2, 3-இல் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். சோதனை முடிந்து கண்ணாடி அறைக்குள் போய்விட்டால், அந்த அறைகள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. தண்ணீர்ப் புட்டியையும் வாசலிலேயே காலிசெய்திருப்பீர்கள். வெளியே வந்தால் திரும்பவும் வரிசை, திரும்பவும் சோதனை. ஆகவே மேலே சொன்ன கணக்கில் நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே நுழையாதீர்கள். பக்கத்துக் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சாய்வு நாற்காலி இருக்கும் இடமாகப் பார்த்து வெளியிலேயே உட்காருங்கள். முனையம் 4-இல் சோதனை முன்பே முடிந்துவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது மற்ற மூன்றிலிருந்து தனியாக இருக்கிறது. முனையங்களை இணைக்கும் ஸ்கைடிரெயின் அங்கே போகாது.

சக்கர நாற்காலி தள்ளிவந்தவர் கேட்டில் விட்டதும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கேட் மாறினால் அவர் தானாகத் திரும்பி வரமாட்டார். நேரம் மாறும் ஒவ்வொரு தடவையும் கேட் ஊழியரிடம், "சக்கர நாற்காலிப் பயணி ஒருவர் இருக்கிறார், இந்த இருக்கை எண்" என்று நினைவூட்டுங்கள். இன்சுலின் ஊசி, மாத்திரை, மருத்துவர் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கவேண்டும், இரண்டு நாளுக்குப் போதுமான அளவில். உள்ளே போன பெட்டி விமானம் ரத்தாகும்வரை உங்கள் கைக்கு வராது. விமானத்தில் சாப்பாடு வரும் என்று நம்பி இன்சுலின் போட்டுவிட்டுக் காத்திருக்கக்கூடாது. தட்டு கண்முன் வந்தபின் போட்டால் போதும். கைப்பையில் நாலு பிஸ்கட், ஒரு சின்ன சர்க்கரைப் பொட்டலம். குளிரூட்டி ராத்திரியில் எலும்பைத் தொடும். ஒரு சால்வையோ கெட்டியான துண்டோ கட்டாயம். மணிக்கு ஒருமுறை கணுக்காலைச் சுழற்றச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசியைத் தரையில் இருக்கும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. இங்குள்ள மின்சொருகி சதுரக்கால் மூன்று. ஊரில் வாங்கிய உருண்டைக்கால் பிளக் அதில் சரியாக உட்காராது, அடாப்டர் வேண்டும். தூங்க இடம் வேண்டுமென்றால் குடிநுழைவைத் தாண்டிய பகுதியில் இலவச ஓய்வு நாற்காலிகள் உண்டு. காசு கொடுத்துச் சில மணி நேரத்துக்கு அறை எடுக்க டிரான்சிட் ஹோட்டல்களும் உண்டு, ஆனால் பெருந்தாமத நாளில் அவைதான் முதலில் நிரம்பும். மூன்றாவது தடவை நேரம் மாறியதுமே கேட்டுவைப்பது நல்லது.

விமான நிறுவனத்திடம் என்ன கேட்கலாம் என்பதில் பலருக்கும் தவறான நம்பிக்கை இருக்கிறது. தாமதத்துக்கு இவ்வளவு பணம் என்று நிர்ணயிக்கும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. இணையத்தில் பார்க்கும் 600 யூரோ எல்லாம் ஐரோப்பிய விதி. அது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், அங்கே போகும் ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும் மட்டும். திருச்சிப் பயணத்துக்கு அது செல்லாது.

இந்திய நிறுவன விமானம் என்றால், இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதியைக் காட்டிப் பேசுங்கள். இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் பறக்கும் பயணத்தில் (நம் பயணம் இதற்குள்தான் வருகிறது) 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்றால் சாப்பாடும் சிற்றுண்டியும் தரவேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் ஹோட்டல். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்பவேண்டிய விமானமாக இருந்தால், 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே ஹோட்டல் தரவேண்டும். உங்கள் விமானம் மாலை 7.30-க்கு என்று அட்டவணையில் இருந்தால் இந்த இரவு விதிக்குள் வராது; நகைச்சுவை மாதிரி இருக்கும், ஆனால் கவுன்டரில் அப்படித்தான் பேசுவார்கள். இதில் எதுவும் கையில் பணமாக வராது. கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு மலேசிய விதி கொஞ்சம் தாராளம்: 2 மணி நேரத்தில் சாப்பாடு, 2024 செப்டம்பர் 2 முதல் 5 மணி நேரத் தாமதத்துக்கு முழுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை.

சாப்பாட்டுச் சீட்டு தாமாகத் தேடி வராது, கேட்டால்தான் வரும். எந்தெந்தக் கடையில் செல்லும், சைவம் எங்கே கிடைக்கும் என்பதையும் அப்போதே கேளுங்கள். பர்கர் கடைச் சீட்டை வைத்துக்கொண்டு சைவ அம்மாவுக்கு உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் வாங்கிக் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். கவுன்டரில் நிற்கும் பெண் பெரும்பாலும் தரைச்சேவை நிறுவனத்து ஊழியர், அவருக்கு விமானத்தைக் கிளப்பும் அதிகாரம் கிடையாது. கத்துகிறவரை அவர் மேலதிகாரியிடம் தள்ளிவிடுவார். "இன்றிரவு சென்னைக்கு இடம் இருக்கிறதா, அங்கிருந்து திருச்சிக்கு இதே டிக்கெட்டில் மாற்றித்தர முடியுமா?" என்று தயாராகப் போய்க் கேட்கிறவருக்குத் தட்டச்சு செய்து பார்ப்பார். வரிசையில் நிற்கும்போதே வீட்டில் ஒருவரை நிறுவனத்தின் தொலைபேசி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். எது முதலில் கிடைக்கிறதோ அது.

சென்னை வழியாக மாற்றிக்கொள்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூர்–சென்னை ஒரு நிறுவனம், சென்னை–மதுரை இன்னொரு நிறுவனம் என்று தனித்தனியாக வாங்கியிருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டு பேருமே கைவிரிப்பார்கள். அப்போது விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்தால் தாம்பரம்; தென்மாவட்ட ரயில்கள் பலவும் அங்கே நிற்கும். தென்பக்கம் போகும் அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன, கோயம்பேட்டுக்கு ஓடவேண்டாம்.

நள்ளிரவில் ரத்து என்று அறிவித்தால், குடிநுழைவைத் தாண்டிய எல்லாரையும் கூட்டமாகத் திரும்ப அழைத்துப்போவார்கள். குடிநுழைவில் பதிவான புறப்பாடு ரத்தாகவேண்டும். பெட்டிகள் வருகைப் பகுதிப் பட்டையில் வரும். தனியாக நழுவி வெளியேறப் பார்க்காதீர்கள். எம்ஆர்டி ரயில் அதற்குள் நின்றிருக்கும். டாக்சியில் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை மீட்டரோடு 50 விழுக்காடும், அதற்குமேல் விமான நிலையக் கட்டணமும் சேரும். அந்த ரசீதை வைத்திருங்கள். சிங்கப்பூர் விசா இல்லாமல் வேறு நாட்டிலிருந்து வந்து மாறிப்போகும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் வெளியே வர இயலாமல் போகலாம். அவர் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே அறை கேட்கவேண்டும்.

வேலை அனுமதி ரத்தாகி, ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் ஊர் திரும்பும் தம்பிகள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். பாஸில் உள்ள கடைசித் தேதி அன்றுதான் பயணம் என்றால், விமானம் மறுநாளுக்குப் போனதும் தேதி கடந்துவிடும். குடிநுழைவு அதிகாரியிடம் அங்கேயே சொல்லுங்கள், முதலாளிக்கு உடனே குறுஞ்செய்தி அனுப்புங்கள், விமானம் ரத்தானதற்கான நிறுவனத்தின் செய்தியைத் திரையில் படம் எடுத்துவையுங்கள். ஊர் போய்ச் சேரும்வரை உங்கள் இருப்பிடமும் சாப்பாடும் முதலாளியின் பொறுப்பு. "இனி நீ என் ஆளில்லை" என்று சொன்னால் அது சரியில்லை.

கடைசியாகப் பணம். பயணக் காப்புறுதி இருந்தால் வழக்கமாகத் தொடர்ந்து 6 மணி நேரம் தாமதமானால்தான் கணக்குத் தொடங்கும். காலையில் 4 மணி நேரமும் வேறொரு விமானத்தில் 3 மணி நேரமும் என்று பிரிந்திருந்தால் பெரும்பாலான திட்டங்கள் கூட்டிப் பார்க்கமாட்டா. புயல் செய்தி வந்தபின் வாங்கிய காப்புறுதி அந்தப் புயலுக்குச் செல்லாது. கேட்பார்கள் என்று தெரிந்து இவற்றைச் சேர்த்துவையுங்கள்: போர்டிங் அட்டை, ஒவ்வொரு முறை நேரம் மாறியபோதும் வந்த செய்தி, சாப்பாட்டு ரசீதுகள், எத்தனை மணி நேரத் தாமதம், என்ன காரணம் என்று நிறுவனம் எழுதித்தரும் கடிதம். அந்தக் கடிதத்தை ஊருக்குப் போனபின் இணையப் படிவத்தில் கேட்டாலும் தருவார்கள், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். காரணத்தை மட்டும் கேட்டிலேயே எழுத்தில் வாங்கப் பாருங்கள். 'இயக்கக் காரணம்' என்று மழுப்பலாக எழுதினால், பழுதா வானிலையா என்று திருப்பிக் கேளுங்கள். காப்புறுதியில் இரண்டுக்கும் வேறு வேறு பதில் வரலாம்.

கையிலிருந்து உண்மையிலேயே செலவு போயிருந்தால், சிங்கப்பூரும் இந்தியாவும் ஏற்றிருக்கும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் துணைக்கு வரும். தாமதத்தால் ஏற்பட்ட, ரசீது காட்டக்கூடிய இழப்புக்கு ஒரு பயணிக்கு 6,303 எஸ்டிஆர் (பன்னாட்டுப் பண நிதியத்தின் கணக்கு அலகு) வரை, அதாவது சுமார் 11,000 சிங்கப்பூர் வெள்ளி வரை, கேட்கலாம். மன உளைச்சலுக்கென்று ரசீது இல்லாமல் கேட்க முடியாது. தாமதத்தைத் தவிர்க்க நியாயமாகச் செய்யக்கூடியதை எல்லாம் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் பொறுப்பு விலகிவிடும். புயலுக்கு அது எளிது, பராமரிப்புக் கோளாறுக்கு அவ்வளவு எளிதில்லை. வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. பெட்டி தாமதமாக வந்திருந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போகவேண்டும். நிறுவனம் பதிலே தராவிட்டால் இங்கே சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், வக்கீல் தேவையில்லை. இந்திய நிறுவனத்தின் மேல் இந்திய அரசின் ஏர்சேவா புகார் தளத்தில் புகார் பதிவுசெய்துவைத்து, அந்தப் புகார் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டு எழுதினால், பதில் கொஞ்சம் சீக்கிரம் வருகிறது.